வங்கக் கடலின் தரை நிஜமாகவே தட்டையா, இல்லை யாரும் அளக்கவில்லையா?

கூகுள் மேப்பில் சாட்டிலைட் காட்சியைத் திறந்தால் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே கடலடி வழவழவென்று ஒரே நீலமாக இருக்கிறது, அதையே இலங்கைக்குத் தெற்கே நகர்த்தினால் மலைத்தொடர், பிளவு, தழும்பு என்று என்னென்னவோ தெரிகிறது. வங்கக் கடலில் மட்டும் மலை கிடையாதா, அல்லது அங்கே அளக்கவே இல்லையா, தண்ணீரை வடித்துவிட்டால் என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, குமரிக்கண்டம் பற்றி ஒரு வரி. உண்மையில் இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. தரை எப்படி இருக்கிறது என்பது ஒன்று. படத்தில் காண்பதை எவ்வளவு நம்பலாம் என்பது இன்னொன்று. சுருக்கமாகச் சொன்னால், தரை நிஜமாகவே தட்டைதான். ஆனால் மலை இல்லாததால் அல்ல, இருந்த மலைகள் சேற்றுக்குள் புதைந்துபோனதால்.

கடலுக்குள் ஒலியை அனுப்பி, தரையிலும் தரைக்குக் கீழும் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அந்த எல்லைக்குள் நின்றே பேசுகிறேன். ஆழ்கடல் உயிர்கள், மீன்வளம் பற்றியெல்லாம் கேட்டால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தப் படம். கூகுளில் நீங்கள் பார்க்கும் கடலடி எந்தக் கேமராவும் எடுத்த படம் அல்ல. ஒளி கடலுக்குள் சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. ஆழத்தை அளக்க ஒலிதான் வழி. கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். 3,300 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுவிட்டு எதிரொலி திரும்ப நாலரை விநாடி ஆகும். இன்றைய மல்டிபீம் கருவி கப்பலின் இரு பக்கமும் விசிறிபோல் ஒலிக்கற்றைகளை அனுப்பி, ஆழத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு அகலமான ஒரு பட்டையை ஒரே ஓட்டத்தில் அளந்துவிடும். அப்படியும் உலகக் கடலடியில் நேரடியாக அளக்கப்பட்டது நான்கில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

மீதி முக்கால் பங்கு எங்கிருந்து வந்தது? செயற்கைக்கோளிலிருந்து, அதுவும் சுற்றுவழியில். கடலடியில் ஒரு மலை இருந்தால் அதன் ஈர்ப்பு அக்கம்பக்கத்து நீரைத் தன் பக்கம் இழுக்கும். 2,000 மீட்டர் உயர மலைக்கு மேலே கடல்மட்டம் ஓரிரு மீட்டர் மேடுபட்டிருக்கும். அலைக்கும் ஓதத்துக்கும் கழித்துவிட்டு அந்த மேட்டை ரேடாரால் அளந்து, அதிலிருந்து அடியில் என்ன இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். வால்டர் ஸ்மித், டேவிட் சாண்ட்வெல் இருவரும் 1997 இல் இப்படி உலகக் கடலடி முழுவதற்கும் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். இன்று நீங்கள் பார்ப்பது அந்த வழியில் வந்தவற்றின் மேல் கப்பல் அளவீடுகளை ஒட்டுப்போட்டது. ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்கே தெரியும்: பெரிதாக்கிப் பார்த்தால் கடலடியில் நேர்கோடுகள் ஓடும். அவை கப்பல்கள் அளந்துகொண்டே போன தடங்கள். 2009 இல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அப்படியொரு கட்டம்போட்ட கோலத்தைப் பார்த்துவிட்டு, அட்லாண்டிஸ் நகரம் கிடைத்துவிட்டது என்று உலகமே இரண்டு நாள் பேசியது.

இந்தச் செயற்கைக்கோள் முறை வங்கக் கடலில் ஒரு வினோதத்தைக் காட்டுகிறது. ஈர்ப்பு வரைபடத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால், 85 பாகை கிழக்கை ஒட்டி ஒரு பட்டையும் 90 பாகையை ஒட்டி இன்னொரு பட்டையும் வடக்கு தெற்காகத் தெளிவாக ஓடுகின்றன. அதே இடத்தில் கப்பலை ஓட்டி ஆழம் அளந்தால் எதுவும் இல்லை, மேசைபோல் தரை. இரண்டு கருவியும் பொய் சொல்லவில்லை. ஒன்று மண்ணுக்கு மேலே இருப்பதைச் சொல்கிறது, மற்றொன்று மண்ணுக்குள் இருப்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

சரி, தண்ணீரை வடித்துவிட்டு மெரினாவிலிருந்து கிழக்கே நடப்போம். போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், பழக்கதோஷத்தில் பழைய பெயரையே எழுதுகிறேன்) கிட்டத்தட்ட 1,370 கிலோமீட்டர். முதல் சில பத்து கிலோமீட்டர் கண்டத்திட்டு, பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் முதலில் வருமே, அதுதான். மும்பைப் பக்கம் இது முந்நூறு கிலோமீட்டர்வரை அகலம். நம் கிழக்குக் கரையில் ஒடுக்கம். இது கடலடி என்று சொல்வதைவிட மூழ்கிய கரை என்பதே பொருத்தம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைக்குக் கடற்கரை இந்தத் திட்டின் விளிம்பில்தான். ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே நடந்தே போயிருக்கலாம்.

விளிம்பைத் தாண்டினால் கண்டச்சரிவு. நூறு கிலோமீட்டருக்குள் தரை 3,000 மீட்டர் ஆழத்தை நெருங்கிவிடும். படத்தில் இது செங்குத்துச் சுவர்போல் இருக்கும். அதற்குக் காரணம் வரைபடம் போடுகிறவர்கள் உயரத்தைப் பத்து இருபது மடங்கு இழுத்துக் காட்டுவது. நேரில் பார்த்தால் மலைப்பாதை அளவுக்குச் சாய்வு, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சரிவில் ஆங்காங்கே பள்ளத்தாக்குகள் வெட்டியிருக்கின்றன. புதுச்சேரிக்கு வெளியே ஒன்று உண்டு. இலங்கையில் திருகோணமலைத் துறைமுகம் அவ்வளவு ஆழமாக இருப்பதற்கும் அப்படியொரு பள்ளத்தாக்கு கரைவரை நீண்டு வந்திருப்பதே காரணம்.

சரிவு முடிந்ததும் நீங்கள் கேட்ட தட்டைத் தரை தொடங்குகிறது. இங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம், விஷயம் இங்கேதான் இருக்கிறது. இது வெறும் ஆழ்கடல் சமவெளி அல்ல, வங்காள விசிறி. உலகிலேயே பெரிய கடலடி வண்டல் விசிறி இதுதான். வங்கதேசக் கரைக்கு வெளியே தொடங்கி, பூமத்தியரேகையையும் தாண்டி, சுமார் 3,000 கிலோமீட்டர் நீளம். அகலமும் ஆயிரத்துக்குக் குறையாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அடித்துக்கொண்டு வரும் வண்டல் ஆண்டுக்கு 100 கோடி டன் அளவில். அதில் ஒரு பகுதி டெல்டாவிலும் கண்டத்திட்டிலும் தங்கிவிட, மிச்சம் வங்கதேசத்துக்குத் தெற்கே 'ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட்' என்ற கடலடிப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. சுற்றிலும் கடல் நூறு மீட்டர் ஆழம்கூட இல்லாத இடத்தில், அதற்குள் மட்டும் பல நூறு மீட்டர்.

அந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பில் வண்டல் சேர்ந்துகொண்டே போகும். புயலோ நிலநடுக்கமோ, சில சமயம் தன் எடையோ, அதைச் சரித்துவிடும். சரிந்த சேறு நீரோடு கலந்து, சுற்றியிருக்கும் நீரைவிடக் கனமாகி, தரையோடு தரையாகப் பாய ஆரம்பிக்கிறது. இதற்குக் கலங்கல் நீரோட்டம் என்று பெயர். இது வெறும் ஊகமல்ல. 1929 இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே ஒரு நிலநடுக்கம். அதற்குப் பிறகு அட்லாண்டிக் தந்திக் கேபிள்கள் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. எது எத்தனை மணிக்கு அறுந்தது என்ற பதிவு இருந்ததால், 1952 இல் புரூஸ் ஹீசனும் மாரிஸ் யூயிங்கும் ஓட்டத்தின் வேகத்தையே கணக்கிட்டுவிட்டார்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் திறந்துவைத்தார்களே, தீவுகளுக்கிடையே போவதையும் சேர்த்து சுமார் 2,300 கிலோமீட்டர் ஆப்டிக்கல் ஃபைபர் கேபிள், அதுவும் இந்த விசிறியைக் குறுக்கே கடந்துதான் போகிறது.

இந்த ஓட்டங்கள் விசிறியின் மேல் கால்வாய் வெட்டிக்கொண்டு போகும். ஆறுபோலவே நெளியும், இரு பக்கமும் வண்டலைக் குவித்துக் கரை எழுப்பும், ஒருநாள் கரை உடைந்து வேறு பாதைக்கு மாறும். ஆகவே 'தட்டை' என்று நான் சொன்னதற்கு ஒரு திருத்தம் உண்டு: நடந்து போகிறவருக்கு வழியில் அங்கங்கே ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலமும் பல பத்து மீட்டர் ஆழமுமான பழைய கால்வாய்கள் குறுக்கிடும். பெரும்பாலானவை தூர்ந்துபோனவை. கூகுள் படத்தின் துல்லியத்தில் இவை சிக்குவதில்லை. மல்டிபீம் பட்டை ஓடிய இடங்களில் மட்டும் ஓர் ஆற்று வளைவு துண்டுதுண்டாகத் தெரியும். மற்றபடி தெற்கு நோக்கிய சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான். கடல் நடுவே கிழக்கே ஆயிரம் கிலோமீட்டர் நடந்தாலும் ஆழம் ஏறத்தாழ 3,000க்கும் 3,500க்கும் இடையிலேயே இருக்கும். நிற்கிற ஆளுக்கு நாலா பக்கமும் அடிவானம்வரை சாம்பல் நிறச் சேறு.

அந்தச் சேற்றைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிடும். தரைக்குள் குழாய் இறக்கி எடுத்த மாதிரியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து மேசையில் வைப்பார்கள். அடியில் பொடிமணல், சாம்பல் நிறம். விரலில் எடுத்துத் தேய்த்து விளக்கடியில் திருப்பினால் காக்காப்பொன் துகள்கள் மினுக்கும். இமயத்துப் பாறை அது. மேலே போகப்போக மணல் மெல்லியதாகி, வண்டலாகி, கடைசியில் களியாக முடியும். கலங்கின நீர் தெளியும்போது கனமானது முதலில் இறங்கும், லேசானது கடைசியில் படியும், அந்த வரிசை அப்படியே உறைந்திருக்கிறது. அதன் மேல் சில இடங்களில் வெளிறிய மெல்லிய ஏடு ஒன்று, நுண்ணுயிர் ஓடுகள் நிறைந்தது. ஓட்டம் எதுவும் அந்தப் பக்கம் வராத காலத்தில் மேலிருந்து சொட்டுச்சொட்டாக விழுந்தது அது. விரற்கடை மணலைக் கொண்டுவந்து போட ஓர் ஓட்டத்துக்குச் சில மணி நேரம் போதும்; மேலே இருக்கும் அந்த ஏட்டுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள். 2015 இல் ஜாய்ட்ஸ் ரெசல்யூஷன் கப்பல் 8 பாகை வடக்கில் வரிசையாக ஏழு இடங்களில் துளையிட்டு எடுத்த மாதிரிகளில் இந்தக் கதைதான் அடுக்கடுக்காக இருக்கிறது.

இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கொட்டியதில் வண்டலின் தடிமன் வடக்கே 16 கிலோமீட்டரையும் தாண்டும் என்று ஜோசப் கரே கணித்தார். இந்த விசிறியை 1970களின் தொடக்கத்திலிருந்து வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் அவர். சென்னை அட்சரேகையில் அவ்வளவு இல்லாவிட்டாலும் கிலோமீட்டர் கணக்கில்தான். கரடுமுரடான சிமெண்ட் தரையில் மாவைக் கரைத்துக் கொட்டினால் மேடு பள்ளம் எல்லாம் மூடி மேற்பரப்பு சமமாகிவிடும் அல்லவா, அதேதான். இலங்கைக்குத் தெற்கே உங்களுக்கு மலைகள் தெரிவதும் இதனால்தான்: போகப்போக சேறு மெலிகிறது, எலும்பு வெளியே வருகிறது.

நம் நடைப்பயணத்தில் இரண்டு மலைத்தொடர்களைத் தெரியாமலே தாண்டியிருப்போம். முதலாவது, 85 பாகை கிழக்கு மலைத்தொடர். மகாநதிப் படுகைக்கு வெளியே தொடங்கி, வங்கக் கடல் முழுக்கப் புதைந்தே தெற்கே போய், பூமத்தியரேகையைத் தாண்டி அஃபனாசி நிகிதின் என்ற கடலடி மலையாகத் தலைநீட்டுகிறது. அங்கே கோபால்ட் இருக்கிறது என்பதால் ஆய்வு உரிமை கேட்டு இந்தியா 2024 இல் சர்வதேசக் கடலடி ஆணையத்திடம் மனுக் கொடுத்திருக்கிறது. இலங்கையும் அந்தப் பகுதிமேல் உரிமை சொல்கிறது. இரண்டாவது, தொண்ணூறு பாகை கிழக்கு மலைத்தொடர். சுமார் 5,000 கிலோமீட்டர் நீளம், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேர். ஏறத்தாழ 10 பாகை வடக்குவரை வெளியே தெரியும், அதற்கு மேல் சேற்றுக்குள். அந்தமான் போகும் கப்பல் புதைந்த பகுதியின் மேல்தான் போகிறது.

இந்த இரண்டாவது மலையைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். இந்திய நிலத்தட்டு வடக்கே ஓடிக்கொண்டிருந்தபோது, கெர்குலன் என்ற வெப்பப்புள்ளி (பூமியின் ஆழத்துச் சூடு மேலெழும் இடம்) அதன் அடியிலிருந்து எரிமலைகளாகப் பொங்கியபடி இருந்தது. தட்டு நகர நகர எரிமலை வரிசை நீண்டது. ஆகவே வடக்கே உள்ள பாறைக்கு ஏறத்தாழ 8 கோடி வயது, தெற்கே போகப்போகக் குறைந்து 4 கோடி சொச்சம். 1972 இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் பூமத்தியரேகைக்குத் தெற்கே இதன் மேல் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி கிடைத்தது. நெய்வேலியில் தோண்டுகிறார்களே, அந்த வகை. கடலடியில் நிலக்கரி உண்டாகாது. மரமும் சதுப்பும் வேண்டும். அதாவது, இன்று ஆழத்தில் கிடக்கும் அந்த மலையின் சில உச்சிகள் ஒரு காலத்தில் காடடர்ந்த தீவுகளாக இருந்திருக்கின்றன. எரிமலைப் பாறை ஆறி இறுகும்போது தட்டோடு சேர்ந்து மெல்லக் கீழிறங்கும், அப்படி மூழ்கியவை.

85 பாகை மலைக்கு இவ்வளவு தெளிவு இல்லை. அது இருக்கிறது என்பது உறுதி; சைஸ்மிக் பதிவில், அதாவது தரைக்குக் கீழிருந்து திரும்பும் எதிரொலிப் பதிவில், எரிமலைப் பாறையின் கூம்பு வடிவம், மேலே கிலோமீட்டர் கணக்கில் வண்டல், எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் எப்படி உண்டானது என்பதில் இன்னும் சண்டைதான். வேறொரு வெப்பப்புள்ளியின் தடம் என்கிறார்கள் பலர். தட்டு வளைந்து விரிசல் விட்ட இடம் என்கிறார்கள் சிலர். போதாக்குறைக்கு, மலை என்றால் ஈர்ப்பு கூட வேண்டும், இங்கே வடக்குப் பகுதியில் குறைகிறது. மலையின் பாரத்தில் அடித்தட்டு கீழே வளைந்ததும், மேலே கொட்டிய வண்டல் இறுகிக் கனத்ததும் சேர்ந்த விளைவு என்ற விளக்கம் எனக்கு ஓரளவு ஒப்புதல். ஆனால் அதன் மேல் துளையிட்டுப் பாறையை எடுத்து வயது பார்க்காதவரை யாரும் அடித்துப் பேச முடியாது. அதேபோல் வங்கக் கடலின் அடிப்பாறைக்கே வயது சொல்வதும் சிரமம். கடலடிப் பாறை உறையும்போது அன்றைய காந்தத் திசையைப் பதிந்துகொள்ளும், திசை தலைகீழாகும்போதெல்லாம் ஒரு புதுப் பட்டை தொடங்கும்; அந்தக் காந்தப் பட்டைகளை வைத்துத்தான் வயதைக் கணிப்போம். பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் முன்பிருந்து 8.3 கோடி ஆண்டுகள் முன்புவரை திசை மாறாமலே இருந்தது. அந்தக் காலத்துப் பாறையில் படிக்கப் பட்டையே இல்லை.

கடைசி நூறு கிலோமீட்டரில்தான் நிலம் மறுபடி உயிர் பெறுகிறது. இந்தியத் தட்டு இங்கே அந்தமானுக்கு அடியில் நுழைகிறது. ஜாவாவுக்குத் தெற்கே இதே எல்லை 7,000 மீட்டருக்கும் அதிக ஆழமான அகழி. அந்தமானுக்கு மேற்கே அகழி இருக்க வேண்டிய இடத்தில் ஆழம் அதில் பாதிகூட இல்லை, அதையும் வங்காள விசிறியின் சேறு தூர்த்துவிட்டது. அடியில் நுழையும் தட்டின் மேலிருக்கும் சேறு முழுவதும் உள்ளே போவதில்லை. ஒரு பகுதி சுரண்டப்பட்டு, மடிந்து, அடுக்காகக் குவிகிறது. அந்தமான் தீவுகளே அப்படிக் குவிந்த மேட்டின் தலைதான்; உயர்ந்த சிகரமான சேடில் பீக் 731 மீட்டர். பாரதாங் தீவில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் சேற்று எரிமலை, அந்த நெருக்கலில் பிதுங்கி வரும் நீரும் வாயுவும் சேறும். அந்தமானின் பழைய மணற்பாறை இமயத்திலிருந்து வந்ததா, பர்மா மலைகளிலிருந்து வந்ததா என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று உடைந்தது இந்த எல்லைதான், சுமாத்ராவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு. வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன. போர்ட் பிளேர் ஒரு மீட்டர் அளவுக்கு அமிழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நாலு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. கடலடி நிலவடிவம் கண்ணெதிரே மாறியதை நம் தலைமுறை பார்த்துவிட்டது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் இருக்கும் பாரன் தீவு எரிமலையும் இதே ஏற்பாட்டின் பகுதி. வெளியே தெரிவது 354 மீட்டர், தண்ணீருக்குள் அதைப்போல் பல மடங்கு. நூற்றைம்பது ஆண்டுகள் அடங்கியிருந்துவிட்டு 1991 இல் மறுபடி கக்க ஆரம்பித்தது.

அப்புறம் குமரிக்கண்டம். குமரி முனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற ஆழமற்ற திட்டு இருக்கிறது, குமரி மாவட்ட மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். பனியூழியில் கடல் தாழ்ந்திருந்தபோது அதில் பெரும்பகுதி நிலமாக இருந்திருக்கும். கரையோர நிலத்தைக் கடல் கொண்டது என்பதற்கு நிலவியல் தடையே சொல்லாது. ஆனால் ஒரு கண்டம் முழுகியது என்றால், கண்டப் பாறை அங்கே அடியில் இருக்க வேண்டும். அந்தத் திட்டைத் தாண்டினால் இருப்பது மெல்லிய கடலடி பசால்ட் பாறை, எரிமலைக் குழம்பு உறைந்தது. கண்டப் பாறை லேசானது, தடித்தது, முழுகினாலும் ஒளிந்துகொள்ளாது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 'இலங்கைக்குத் தெற்கே கடலில் பெரிய ஓட்டை' என்று வாட்ஸப்பில் சுற்றுவதையும் இதோடு கோக்காதீர்கள். அங்கே ஈர்ப்பு குறைவு, அதனால் கடல்மட்டம் சராசரி வடிவத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது, அவ்வளவே. அதன் காரணம் பூமியின் மிக ஆழத்தில் இருக்கிறது. தரையில் குழி எதுவும் கிடையாது.

படத்தை எவ்வளவு நம்பலாம் என்ற இரண்டாவது கேள்விக்கு நீங்களே விடை தேட ஒரு வழி இருக்கிறது. ஜெப்கோ என்ற அமைப்பு உலகக் கடலடி ஆழத் தரவை இலவசமாக வெளியிடுகிறது. ஆழத்தோடு கூட, ஒவ்வொரு கட்டமும் மல்டிபீமால் அளந்ததா, பழைய ஒற்றை ஒலிக்கற்றையால் அளந்ததா, செயற்கைக்கோள் கணக்கா என்று சொல்லும் துணைக்கோப்பும் கொடுக்கிறார்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் திறந்து, வங்கக் கடலுக்குப் பெரிதாக்குங்கள். அளந்த பட்டைகள் எங்கே, ஊகித்த வெற்றிடம் எங்கே என்று நிறம் நிறமாகத் தெரியும். விசிறியின் கால்வாய் ஒன்று ஒரு பட்டைக்குள் நெளிந்து வந்து, பட்டை முடிகிற இடத்தில் சட்டென்று மறைவதையும் பார்ப்பீர்கள்.